பட்டாளத்தாரின் இடது காது

போன கிழமை கிளிநொச்சி பேருந்து நிலையத்தடியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. மகள் கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்த செருப்பு. பத்து வருடத்துக்குப் பழுதாகாமல் பாவிக்கும் என்று சொல்லித் தந்தாள். செருப்பு பாவிக்கும், நான் பாவிப்பேனா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. பாவம், தூரத்திலிருந்து சுமந்து வந்த பிள்ளை. ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சூடேறிய தாரில் நொண்டி நொண்டி வருவதைக் கண்டு, குடை விரித்து இருந்த சப்பாத்துத் தைக்கிற மனிதர் சிரிக்காமல் ஒரு பலகையை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு முன்னால் யாரோ கொடுத்துவிட்டுப் போன கறுப்புச் சப்பாத்து ஒன்று அவர் மடியில் இருந்தது. அதை முடித்துவிட்டுத் தருகிறேன் என்று பொலிஷ் பேணியைத் திறந்தார்.

உங்களுக்கு அந்த மணம் சப்பாத்தை நினைவூட்டும், பள்ளிக்கூடத்தை நினைவூட்டும். எனக்குச் சோற்றை நினைவூட்டும். அந்தப் பலகையில் இருந்தபடியே எனக்குப் பசித்தது.

அப்புவின் சோற்றில் பொலிஷ் மணக்கும். அப்பு என்றால் என் அம்மாவின் தகப்பன். யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். வெள்ளைக்காரனுடைய இரண்டாவது பெரிய போர் நேரம் படையில் சேர்ந்து, கப்பலேறி, எகிப்துப் பக்கத்துப் பாலைவனத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர். வந்த பிறகு துணுக்காய்ப் பக்கத்தில் குளமொன்றின் கீழே குடியேற்றக் காணி கிடைத்தது. காடு வெட்டி, வயலாக்கி, அங்கேயே இருந்துவிட்டார். ஊர் அவரைப் பட்டாளத்தார் என்றது. எதிரில் நின்று சொன்னால் மரியாதை, பின்னால் நின்று சொன்னால் பகிடி.

பாலைவனத்திலிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் எனக்குத் தெரிய எஞ்சியிருந்தது அகலமான தோற்பட்டி ஒன்றுதான். சாரத்துக்கு மேலே அதை இறுக்கிக் கட்டுவார். விடிந்ததும் முதல் வேலை அந்தப் பட்டிக்குப் பொலிஷ் போட்டுத் துணியால் தேய்ப்பது. பிறகு கையைச் சாம்பலால் கழுவிவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போவார். என்ன தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கறுப்பு நிற்கும். நான் வளர்ந்தது அந்தக் கை பிசைந்த மாவில், அந்தக் கை கழுவிய அரிசியில்.

ஆண்பிள்ளை ஏன் சமைத்தார் என்றால், வேறு ஆள் இல்லை. அம்மாவின் தாய், ஆச்சி, நான் பிறக்கும் முன்பே போய்விட்டா. அம்மா எனக்கு நினைவு தெரிந்து கொஞ்சக் காலத்தில் காய்ச்சலில் போனா. என்னைப் பெற்ற ஐயா யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப்போய் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டார். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

ஆனால் சமையல் அவருக்குத் துக்கத்தில் வந்த தொழில் அல்ல, பொய்யில் வந்த தொழில். படையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் எல்லோரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, சமைக்கத் தெரிந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள் என்று கேட்டார்களாம். அப்புவுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கவும் தெரியாது. ஆனாலும் முன்னுக்கு வந்து நின்றார். அவரோடு வரிசையில் பின்னால் நின்றுவிட்டவர்களைக் குண்டு ஏற்றி இறக்கும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பல பேர் திரும்பி வரவில்லை. இந்தக் கதையை அவர் எனக்கு எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. ஒவ்வொரு தரமும் முடிவு ஒன்றுதான்.

"கூப்பிட்டா முன்னுக்குப் போயிடவேணும் மோனை. என்னத்துக்குக் கூப்பிடுறாங்கள் எண்டு பிறகு பாக்கலாம்."

நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கைக்கு இரண்டு பேருக்கு அளவு வரவே இல்லை. அம்மா செத்த புதிதில் அவர் வைத்த பருப்பை நாங்களும், நாயும், பக்கத்துக் காணிக்காரரும் சாப்பிட்டு, மிச்சத்தை மாட்டுக்கு வைத்தோம். சமைத்து முடிந்ததும் அகப்பையால் பானையில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் சோற்றுக் கோப்பையோடு வந்து வரிசையில் நிற்கவேண்டும். வரிசை என்றால் நான் ஒருவன்தான். நேராக நிற்காவிட்டால் சோறு விழாது. "அடுத்த ஆள்" என்பார். அடுத்த ஆளும் நான்தான். இதை வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுப் பக்கத்துக் காணிக்காரரின் மனைவி சிரித்துச் சிரித்து இருமல் பிடித்து உட்கார்ந்துவிட்டா. எனக்கு அப்போது வெட்கம். இப்போது யோசித்தால், தாய் செத்த வீட்டில் ஒரு பிள்ளை அழாமல் இரண்டு வேளை சாப்பிட்டது அந்த வரிசையால்தான்.

குளத்தடியில் ஆண்கள் கூடும்போது அவரைச் சீண்டுவார்கள். ஒருநாள் ஒருவர், "பட்டாளத்தார், எத்தினை ஜேர்மன்காரனைச் சுட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒருத்தனையும் சுடேல்லை. சுட்டவங்களுக்குச் சமைச்சுப் போட்டனான்."

"அப்ப உங்கட குழம்பிலதான் வெள்ளைக்காரன் வெண்டவன் போல."

"என்ர குழம்புக்குப் பயந்துதான் சனம் முன்னரங்குக்கு ஓடினது," என்றார் அப்பு.

பாலைவனத்தில் அவருடைய அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு வெடிமருந்துக் கிடங்கு இருந்திருக்கிறது. அது ஒருநாள் தவறி வெடித்ததில் அவருடைய வலது காது போய்விட்டது. இடது காது நல்ல காது. ஆகவே எங்கள் வீட்டில் எல்லாம் அவருடைய இடது பக்கம்தான். சாப்பிடும்போது இடப்பக்கம் இருப்பேன். படுக்கும்போது இடப்பக்கம் படுப்பேன். சைக்கிள் பாரில் என்னை ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும்போது தலையை வலது பக்கம் திருப்பிக்கொள்வார், நான் அலட்டுவது இடது காதில் விழுவதற்காக. என்னைப் படிக்கவைக்க வயலில் ஒரு துண்டு விலைக்குப் போனது. அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் படித்து ஆசிரியராகி, கலியாணம் முடித்து, ஒரு பெண் பிள்ளையும் பிறந்தது. அவளைத் துளசி என்று கூப்பிட்டோம். அப்பு அவளுக்கும் வரிசை பழக்கினார். இந்தத் தரம் வரிசையில் இரண்டு பேர், அவளும் அவளுடைய பூனையும்.

இனிச் சொல்லப்போவதை நான் எழுதியதில்லை. மனைவியோடுகூடக் கதைத்ததில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசிச் சண்டைக் காலத்தில் எல்லோரையும்போல நாங்களும் துணுக்காயை விட்டுக் கிழக்கே நகர்ந்து நகர்ந்து, முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் போய் நின்றோம். அப்புவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். அந்த மணலைக் கண்டதும் அவருக்கு எல்லாம் குழம்பிப்போனது. செல் குண்டு விழும்போது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் எங்கே என்று கேட்பார். கஞ்சி கொடுக்கும் இடத்தில் சனத்தை நேராக நில்லுங்கோ என்று அதட்டுவார். சனமும் நின்றது. எங்கள் பங்கருக்குப் பக்கத்தில் றீற்றா அக்கா என்று கடற்கரைச் சனத்தில் ஒருவர் இருந்தா. புருசன் கடலோடு போனவர். தன் வீட்டைத் தாண்டி நூறு மீற்றர் தூரத்தில் அகதியாக இருந்த மனிசி. தன்னிடம் இருந்த கருவாட்டில் அப்புவுக்கு ஒரு துண்டு எப்போதும் வைப்பா. அப்பு அவவுடைய அடுப்பைப் பார்த்துவிட்டு, உப்புக் கூடிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

துளசியை அதற்கு முன்பே இயக்கம் பிடித்துக்கொண்டு போயிருந்தது. வீட்டுக்கொருவர் சண்டைக்கு வரவேண்டும் என்ற காலம். தலைமயிரைக் கட்டையாக வெட்டி, பயிற்சிக்கென்று எங்கோ வைத்திருந்தார்கள். சில கிழமைகளில் தப்பி ஓடிவந்துவிட்டாள். பகல் முழுவதும் பங்கருக்குள் வைத்திருந்தோம். அப்புவுக்கு அவள் தப்பி வந்தது விளங்கவில்லை. விடுமுறையில் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். யாருடைய படை, எந்தப் படை என்பதெல்லாம் அவருக்குப் போய்விட்டது. தன் வம்சத்தில் இன்னொரு ஆள் படையில் சேர்ந்துவிட்டது, அது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. "எங்கட பொம்பிளைப் பட்டாளம்" என்று அவளைக் கூப்பிடுவார். பங்கருக்குள் குந்தியிருந்தபடி சல்யூட் அடிக்கப் பழக்குவார். அவளும் அடிப்பாள். அந்தக் குழிக்குள் வேறு என்ன செய்வது.

பிறகு ஒருநாள் களப்புத் தண்ணீரைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்தோம். எங்கள் எல்லோரையும் பேருந்துகளில் ஏற்றி, ஓமந்தைக்குக் கிட்டவாக ஒரு வெளியில் இறக்கினார்கள். முட்கம்பி. வெயில். ஆயிரக்கணக்கில் சனம் நிலத்தில் வரிசை வரிசையாக இருந்தது. துளசியின் தலையில் துவாயைப் போட்டு, எங்கள் நடுவில் இருத்தினோம். நான், மனைவி, நடுவில் அவள், அவளுக்கு முன்னால் அப்பு, பக்கத்தில் றீற்றா அக்கா.

ஒலிபெருக்கியில் தமிழ் பழகிய ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் என்றாலும் படையில் இருந்தவர்கள், பயிற்சி எடுத்தவர்கள், எழுந்து முன்னுக்கு வாருங்கள். பிறகு கண்டுபிடித்தால் பிரச்சினை வரும். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக யாராவது எழுந்து போனார்கள்.

அப்பு எழுந்தார்.

எப்படி எழுந்தார் என்று தெரியாது. இரண்டு பேர் தூக்கிவிடவேண்டிய மனிதர். பட்டியை இழுத்து இறுக்கினார். "எங்களைக் கூப்பிடுறாங்கள்," என்றார். நான் கையைப் பிடித்து, "இருங்கோ அப்பு, உங்களை இல்லை," என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துளசியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"எழும்பு பிள்ளை. உன்னையுந்தான். பின்னுக்கு நிண்டால் கெட்ட வேலைதான் கிடைக்கும்."

அவருக்குக் காது மந்தமானதால் குரல் எப்போதும் பெரிது. முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. துளசி துவாய்க்குள் குனிந்துகொண்டாள். நான் அவருடைய கையை விட்டேன். விட்டதோடு நில்லாமல், முதுகில் கைவைத்து மெதுவாக முன்னுக்குத் தள்ளியும் விட்டேன். அவர் இங்கே நின்று கதைக்காமல் அங்கே போய்விட்டால் போதும் என்று இருந்தது.

அவர் நடந்தார். இடம் வலம் என்று அடி வைத்து, கையை வீசி, சனத்துக்கு நடுவால் போனார். சனம் கால்களை மடக்கி வழிவிட்டது. எழுந்து போன பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து நிறுத்தியிருந்த வரிசையில் கடைசியாகப் போய் நின்று சல்யூட் அடித்தார். எதிரில் நின்ற ஒரு சிப்பாய்க்குக் கை தானாக உயர்ந்துவிட்டது. பிறகு பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்க, அவனும் சிரித்துக்கொண்டு கையை இறக்கினான்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இன்று இதை ஒரு பகிடியாகச் சொல்லியிருப்பேன்.

அந்தச் சிப்பாய் நல்ல பெடியன். அப்புவுக்குத் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தான். வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தான். எங்களிடம் வந்து நின்றான். "இந்த ஐயா உங்கட ஆளா?" என்று உடைந்த தமிழில் கேட்டான். அப்பு துளசி இருந்த பக்கம் பார்த்து மறுபடி கையை நீட்டத் தொடங்கினார். வாயும் திறந்தது. பிள்ளை என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

"இல்லை," என்றேன். "எங்கட ஆளில்லை. வழியில எங்களோட சேர்ந்து வந்தவர்."

"உங்கட குடும்பம் எத்தனை பேர்?"

"மூண்டு பேர்."

அவன் றீற்றா அக்காவைப் பார்த்தான். அவ செபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவன் அப்புவின் தோளில் கைபோட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனான். முதியவர்களையும் நோயாளிகளையும் ஏற்றும் பேருந்து ஒன்று தூரத்தில் நின்றது. அதன் படியில் அவரை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். பட்டியின் பித்தளையில் வெயில் ஒருமுறை பட்டது. மாலையில் எங்களை வேறு பேருந்தில் ஏற்றி அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். துளசியை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

முகாமில் கூடாரத்துக்கு வெளியே ஒருநாள் றீற்றா அக்கா தானாகவே அந்தக் கதையை எடுத்தா. அது ஒருதரம் மட்டும்தான்.

"நீங்கள் செய்தது பிழையெண்டு நான் சொல்லமாட்டன் அண்ணை. எனக்கும் பிள்ளையள் இருந்தது. ஆனால் சரியெண்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசைக்குப் போனேன்.

உடனேயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவர் எங்களுடைய ஆள்தான் என்று சொன்னால், அன்றைக்கு ஏன் இல்லை என்று சொன்னீர் என்று கேட்பார்கள். அதற்கு மறுமொழி துளசிதான். ஆகவே நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். முகாமில் தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. வரிசையில் நிற்கிற ஒருவனுக்கு நாட்கள் தெரியாது. அந்தக் காலத்தில் நான் ஒருநாளும் அழவில்லை. சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், கூடாரத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் படிப்பித்தேன்.

முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகுதான் தேடிப்போனேன். விசாரித்து விசாரித்து, வவுனியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் போய் நின்றேன். அங்கே பராமரிப்பு வேலை செய்த ஒரு அம்மா அவரை நன்றாக நினைவு வைத்திருந்தா. ஓம், பட்டி கட்டின ஐயா. வந்து அதிக நாள் இருக்கவில்லை. நெஞ்சுச் சளி. உரித்தானவர் எவரும் இல்லை என்று குறித்து அனுப்பியிருந்ததால் இல்லத்துச் செலவிலேயே அடக்கம் செய்துவிட்டோம், பட்டியோடுதான் வைத்தோம், கடைசிவரை அதைக் கழற்ற விடவில்லை என்று சொன்னா. நான் யார் என்று கேட்டா. பேரன் என்றேன். அவவின் முகம் மாறியது.

"நீங்களா அது? நெடுகக் கதைப்பார். பேரன் பின்னால வாறான், அவன் சின்னனிலிருந்தே மெதுவாத்தான் வருவான், அவனுக்கு எனக்குப் பக்கத்தில ஒரு கட்டில் விடுங்கோ எண்டு. இடப்பக்கக் கட்டில்தான் வேணுமாம். நாங்களும் விட்டு வைச்சிருந்தனாங்கள், பாவமெண்டு."

"வேற ஒண்டும் சொல்லேல்லையா?"

"வேற என்ன சொல்ல?"

அவவுக்கு நான் கேட்டது விளங்கவில்லை. நான் கேட்டது இதுதான்: அந்த வெளியில் நான் சொன்னது அப்புவுக்குக் கேட்டதா? இத்தனை வருடமும் நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்க்கிறேன். சிப்பாய் அவருடைய வலது கையைப் பிடித்திருந்தான். அப்படியென்றால் சிப்பாய் வலது பக்கம். நான் நிலத்தில் இருந்தேன். அவர் துளசியின் பக்கம் திரும்பியிருந்தார். துளசி எனக்கு வலது பக்கத்திலா, இடது பக்கத்திலா? மனைவியிடம் கேட்டால் தெரியும். கேட்டதில்லை. சில நாள் என் கணக்கில் அவருடைய வலது காது என் பக்கம் வருகிறது. அன்றைக்குக் கொஞ்சம் நித்திரை வரும். சில நாள் இடது காது வருகிறது. கேட்டிருந்தும், பேரன் பின்னால் வருகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாரென்றால், அது எனக்குத் தாங்காது. ஆகவே வலது காது என்றே வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். முடிவதில்லை.

அடக்கம் செய்த இடத்தையும் காட்டினார்கள். அடையாளம் வைக்காத வரிசை. இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்றார்கள், பிறகு அடுத்ததைக் காட்டினார்கள். அடுத்த தரம் போனபோது அந்த இல்லமே வேறு இடத்துக்கு மாறியிருந்தது. துணுக்காய்க் காணியில் இப்போது வேறு ஆட்கள் பயிர் செய்கிறார்கள். குசினி இருந்த இடத்தில் நெல் உலர்த்தும் தளம். அவரைப் படம் பிடித்த ஒரேயொரு படமும் களப்பில் நனைந்து போனது. றீற்றா அக்கா இரண்டு வருடத்துக்கு முன் தன் கடற்கரையில் செத்துப்போனா.

துளசி கனடாவுக்குப் போய், கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகள். அவள் பொறுப்பானவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கதைப்பாள். அப்புவைப் பற்றி அவள் கேட்டதில்லை. துவாய்க்குள் இருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் பிள்ளைகளோடு வந்தபோது வவுனியாவிலிருந்து வாகனத்தில் வந்தோம். தெரு இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. ஓமந்தை வருகிறது என்று கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வெளியில் முட்கம்பி இல்லை. கட்டடச் சாமான் விற்கும் கடை ஒன்றும், வாகனம் கழுவும் இடம் ஒன்றும் வந்திருக்கிறது. இன்றைக்கு அவளிடம் கதைத்துவிடுவது என்று நினைத்துக்கொண்டு, "இதுதான் அந்த இடம்," என்றேன்.

"தெரியும் அப்பா," என்றாள்.

பின்சீற்றில் இருந்த மூத்த பேத்தி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் இங்க இருந்தனீங்களா?"

"ஓம். ஒரு பகல்."

"ஆர் ஆர்?"

"அம்மப்பா, அம்மம்மா, நான்," என்றாள் துளசி. "மூண்டு பேர்."

மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. நான் ஒன்றும் திருத்தவில்லை. பேத்தி மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கி, சரி என்று தலையாட்டினாள். அதற்குள் வெளி பின்னால் போய், இரண்டு பக்கமும் தேக்கங்காடு தொடங்கிவிட்டது.